‘அது என் துறையன்று’

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒன்றைப் பற்றி நின்று முடிக்கும் உறுதியின்றி, இது நன்றோ அது நன்றோ என்று காடெல்லாம் அலைபவனைக் கண்டு நம் முன்னோர் கூறியது அது. அதில் உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரே மரத்தை மட்டும் அறிந்த தச்சன் என்ன செய்வான்? கதவுக்குத் தேக்கும் கலப்பைக்குக் கருவேலமும் வேண்டும் என்பதை அவன் எங்ஙனம் அறிவான்?

இக்கேள்வியை நாம் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. இன்று நம் இல்லங்களில் பழமொழியின் முதற்பொருளே ஆட்சி செய்கிறது. பத்தாம் வகுப்பைக் கடந்த பிள்ளை எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்பதைக் குடும்பம் கூடி முடிவு செய்கிறது. அம்முடிவுக்குப் பின்னர், அப்பிரிவுக்குப் புறம்பான ஒரு நூல் அப்பிள்ளையின் கையில் இருப்பதைக் காணப் பெற்றோர் விரும்புவதில்லை. மருத்துவம் பயில விரும்பும் மகள் வரலாற்று நூலைப் புரட்டினால் அது காலத்தை வீணாக்குவது. மத்ரஸாவில் ஓதும் மகன் கணிதத்தில் நாட்டம் கொண்டால் அது கவனச் சிதறல். பதினாறு வயதில் ஒரு கதவைத் திறந்து, மற்றக் கதவுகளையெல்லாம் தாழிட்டுவிடுவதே நல்ல எதிர்காலத்துக்கு வழி என்று நாம் நம்புகிறோம்.

பல துறைகளில் புலமை பெறுதல் முற்காலத்தில் போற்றப்பட்ட பண்பு. இந்நவீன உலகில் அதற்கு இடம் உண்டா? இருந்தால் அது அணிகலனா, அல்லது கடமையா? இதனைச் சற்று நின்று சிந்தித்தல் நலம்.

ஒரு துறைக் கல்வியின் சிறப்பு

முதற்கண், மறுபக்கத்தின் நியாயத்தை முழுமையாகச் சொல்லிவிடுவோம். இப்னு ஸீனா (ரஹ்) அவர்கள் தம் காலத்து மருத்துவம் முழுவதையும் ‘அல்கானூன்’ என்னும் ஒரே நூலில் தொகுத்து வழங்க முடிந்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களும் பல நூற்றாண்டுகள் அந்நூலைப் பாடமாக வைத்திருந்தன. இன்று மருத்துவம் முழுவதையும் ஒருவர் அறிதல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கண் என்னும் ஓர் உறுப்புக்கே விழித்திரைக்கு ஒரு மருத்துவர், கருவிழிக்கு ஒரு மருத்துவர் என்று பிரிந்து பணியாற்றுகின்றனர். அவ்வாறு பிரிந்ததனாலேயே நேற்று பார்வையிழந்திருக்கக் கூடியவர் இன்று பார்வையுடன் வீடு திரும்புகிறார். நம் தந்தையின் கண்ணில் கத்தி வைப்பவர் கவிதையும் வானநூலும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. அக்கண்ணை ஆயிரம் முறை அறுத்துத் தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்றே கேட்கிறோம். அது முற்றிலும் சரி.

ஆகவே, எல்லாம் அறிந்தவர் என்னும் பொருளில் பல்துறை அறிஞர் இனி உலகில் தோன்ற முடியாது. அப்படி ஒருவர் தம்மைக் கூறிக்கொண்டால் அவரிடமிருந்து ஒதுங்கி நிற்பதே நலம். ஆனால், பல்துறைப் புலமையின் பொருள் அதுதானா? ‘பல்கலைக்கழகம்’ என்ற அழகிய சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். பல கலைகள் கூடும் கழகம் என்பது அதன் பொருள். ‘ஹகீம்’ என்று நம் ஊர்களில் யூனானி மருத்துவரை அழைக்கிறோம். ஞானி என்பதும் அச்சொல்லுக்குப் பொருள். ‘ஹிக்மத்’ என்னும் மெய்யறிவின் அடியாகப் பிறந்தது அது. நோயைத் தீர்ப்பவரிடம் நோயாளியின் வாழ்வையும் அறியும் அறிவு இருக்க வேண்டும் என்று கருதிய சமுதாயமே இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கியது. துறைகள் பிரிந்திருப்பது குறையன்று. பிரிந்த துறைகள் ஒன்றோடொன்று பேசாதிருப்பதே குறை என்பதை இச்சொற்கள் நமக்கு நினைவூட்டுகின்றன.

அல்பிரூனியின் வழி

கி.பி. 973ஆம் ஆண்டில் குவாரிஸ்ம் நாட்டில், இன்று உஸ்பெகிஸ்தானில் அடங்கும் பகுதியில், பிறந்தவர் அபூரைஹான் அல்பிரூனி (ரஹ்). வானநூல், கணிதம், புவியியல், வரலாறு, கனிமவியல், மருந்தியல் எனப் பல துறைகளில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை இயற்றினார். அவற்றுள் பெரும்பாலானவை காலவெள்ளத்தில் மறைந்துவிட்டன. இவ்வாறு பட்டியலிட்டு வியப்பது எளிது. நம் மேடைகளில் அது பலமுறை நிகழ்ந்துள்ளது. நாம் கவனிக்க வேண்டியது அவர் எத்தனை துறைகளை அறிந்தார் என்பதையன்று. ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்கு அவர் ஏன் சென்றார் என்பதையே.

கஸ்னா நகரத்தில் நின்று தொழுபவர் எத்திசையை நோக்க வேண்டும்? இது சமயக் கடமை பற்றிய கேள்வி. அதற்கு விடை காண மக்காவும் கஸ்னாவும் பூமியின்மீது எங்கெங்கே உள்ளன என்பது தெரிய வேண்டும். அதற்கு இடைப்பட்ட நகரங்களின் தொலைவுகள் வேண்டும். பூமியின் பருமன் வேண்டும். கோளத்தின் மேல் வரையும் முக்கோணத்தின் கணிதம் வேண்டும். இவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிச் சென்று 1025ஆம் ஆண்டில் அவர் முடித்த நூலே நகரங்களின் இருப்பிடங்களை வரையறுக்கும் ‘தஹ்தீத்’ ஆகும். கேள்வி அவரை அழைத்துச் சென்ற இடமெல்லாம் அவர் சென்றார். வழியில் ஒரு வேலி குறுக்கிட்டபோது, ‘இதற்கு அப்பால் என் துறையன்று’ என்று அவர் திரும்பவில்லை.

பஞ்சாபில் உப்பு மலைத்தொடரை ஒட்டிய நந்தனா கோட்டையில் தங்கியிருந்தபோது, ஒரு குன்றின் உயரத்தை முதலில் அளந்தார். பின்னர் அதன் உச்சியில் நின்று, அடிவானம் கண்மட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தோன்றுகிறது என்பதை அளந்தார். அவ்விரு அளவுகளைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணித்தார். பாலைவெளியில் நெடுந்தொலைவு நடந்து அளக்க வேண்டிய வேலையை ஒரு குன்றும் ஒரு கோணமும் செய்து முடித்தன.

இந்திய நாட்டைப் பற்றி 1030ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய நூல் மற்றொரு பாடம். அதற்காக நாற்பது வயதைக் கடந்த பின்னர் சமஸ்கிருதம் பயின்றார். அம்மொழி தமக்கு எளிதாக வரவில்லை என்பதையும் எழுதினார். பிறர் நம்பிக்கைகளை மறுப்பதற்காக அவர் அந்நூலை எழுதவில்லை. அவர்கள் கூறுவதை அவர்கள் கூறியவாறே எடுத்துரைப்பதே தம் நோக்கம் என்று முன்னுரைத்தார். தம்மை அழைத்து வந்த சுல்தான் மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தைச் சிதைத்தன என்பதையும் அதே நூலில் எழுதத் தயங்கவில்லை.

அந்நூலில் ஓரிடத்தில் அவர் மண்ணைப் பற்றிப் பேசுகிறார். மலைகளின் அருகே, ஆறு வேகமாகப் பாயும் இடத்தில், உருண்ட கற்கள் பெரியனவாக உள்ளன. மலையை விட்டு விலக விலகக் கற்கள் சிறுக்கின்றன. ஆறு மெதுவாகிக் கடலை நெருங்கும் இடத்தில் மணலாகப் பொடிந்து கிடக்கின்றன. இதனைக் கண்டு, இச்சமவெளி முன்னொரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் மேடாகியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மக்களின் சமயத்தையும் வழக்கங்களையும் எழுத வந்தவர் காலடியிலிருந்த கல்லையும் கண்டார்.

வங்கத்துக் கிணறுகள்

அல்பிரூனி அவர்கள் குறித்த அதே வண்டல் சென்று படியும் கோடியில்தான் இன்றைய பங்களாதேஷ் உள்ளது. அங்கு நம் காலத்தில் நிகழ்ந்த ஒன்றை விரிவாகக் கூற வேண்டியுள்ளது. ஏனெனில், நாம் எழுப்பிய கேள்வியின் உயிர்நிலை அதில் அடங்கியுள்ளது.

அந்நாட்டுச் சிற்றூர்களில் மக்கள் நெடுங்காலமாகக் குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகி வந்தனர். வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் எண்ணற்ற குழந்தைகளைக் கொண்டுபோயின. இதனைத் தடுக்க 1970களில் அரசும் யூனிசெஃப் நிறுவனமும் ஊர்தோறும் குழாய்க்கிணறுகளை இறக்கின. நிலத்தடியிலிருந்து வந்த நீர் தெளிவாக இருந்தது. அதில் நோய்க்கிருமி இல்லை. மக்கள் மகிழ்ந்தனர். அரசு இறக்கிய கிணறுகள் போதாமல் தத்தம் செலவில் வீட்டுக்கு வீடு அடிகுழாய் வைத்துக்கொண்டனர். நல்லெண்ணத்தோடு செய்த நற்பணி அது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்நீரில் கண்ணுக்குத் தெரியாத, சுவைக்கும் புலப்படாத ஒன்று கலந்திருந்தது. அது ஆர்சனிக். நம் நாட்டு வைத்தியர்கள் வெள்ளைப் பாடாணம் என்று அறிந்திருக்கும் கொடிய நஞ்சின் மூலப்பொருள் அதுவே. இமயத்தின் பாறைகளிலிருந்து பிரிந்து, இரும்பின் துருவோடு ஒட்டிக்கொண்டு, ஆற்று வண்டலோடு அது வந்து படிந்தது. மட்கிய தாவரங்களோடு காற்றுப் புகாத ஆழத்தில் புதையுண்ட அவ்வண்டலில் நுண்ணுயிர்கள் துருவைக் கரைத்தபோது, நஞ்சு விடுபட்டு நீரில் கலந்தது. பல ஆண்டுகள் அந்நீரைப் பருகியவர்களின் உடலில் கரும்புள்ளிகள் தோன்றின. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடித்தன. பலருக்கு அது புற்றுநோயில் முடிந்தது.

1983ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு தோல் மருத்துவர், மேற்கு வங்கச் சிற்றூர்களிலிருந்து வந்த நோயாளிகளின் உடலில் இக்குறிகளைக் கண்டு, அவர்கள் பருகிய கிணற்று நீரே காரணம் என்று அறிந்தார். எல்லைக்கு அப்பால் இருப்பதும் அதே வண்டல், அதே நீர். ஆயினும் பங்களாதேஷின் கிணற்று நீரில் நஞ்சு இருப்பது 1993ஆம் ஆண்டில்தான் உறுதி செய்யப்பட்டது. நாடுகளின் எல்லைக்கோடு வண்டலுக்குத் தெரியாது. அறிவுக்கு அது தடையாக நின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுரை, இதனை வரலாற்றில் ஒரு நாட்டு மக்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய நச்சேற்றம் என்று குறித்தது. ஏறத்தாழ 12.5 கோடி மக்களுள் 3.5 கோடி முதல் 7.7 கோடி வரையிலானோர் ஆபத்துக்கு உள்ளாகியிருந்தனர் என்பது அவ்வுரையின் கணக்கு.

பொறியாளர் குழாயை அறிந்திருந்தார். மருத்துவர் கிருமியை அறிந்திருந்தார். புவியியலார் வண்டலை அறிந்திருந்தார். வேதியியலார் பாடாணத்தை அறிந்திருந்தார். ஒவ்வொருவரும் தத்தம் துறையில் தேர்ந்தவர்களே. ஆனால், ‘இம்மண்ணிலிருந்து வரும் நீரில் கிருமியைத் தவிர வேறென்ன இருக்கக்கூடும்?’ என்னும் கேள்வியை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு எடுத்துச் சென்றவர் உரிய காலத்தில் எவரும் இல்லை. அக்காலத்தில் நீர்ச்சோதனையின் வழக்கமான பட்டியலில் ஆர்சனிக் இடம்பெறவில்லை. பட்டியலில் உள்ளதைச் சோதிப்பதோடு கடமை முடிந்தது.

1992ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்நாட்டின் சில பகுதிகளில் நிலத்தடி நீரை ஆராய்ந்து பல தனிமங்களைச் சோதித்தது, ஆர்சனிக்கைச் சோதிக்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரபுக்கள் சபைவரை சென்றது. அந்நீரைப் பருகும் மக்களுக்கு அந்நிறுவனம் சட்டப்படி கடமைப்பட்டிருக்கவில்லை என்று 2006ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் கண்ணில் அது சரியாகவே இருக்கலாம். நம் கேள்வி சட்டத்தின் கேள்வியன்று.

அறிவின் எல்லையும் பொறுப்பின் எல்லையும்

‘அது என் துறையன்று’ என்ற சொல்லை நாம் அனைவரும் கூறுகிறோம். அச்சொல்லுக்கு இருவேறு பொருள்கள் உண்டு. ‘அதனை நான் அறியேன், அறியாததைப் பற்றித் தீர்ப்புக் கூற மாட்டேன்’ என்பது ஒன்று. அது அடக்கம், அறிவுடையோர்க்கு அழகு. ‘அதனை நான் அறியேன், ஆகையால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதும் என் பொறுப்பன்று’ என்பது மற்றொன்று. முன்னதைக் கூறுவதாக எண்ணிப் பின்னதைக் கூறிவிடுவதே நம் காலத்தின் இடர்.

அறிவுக்கு எல்லை வகுத்தல் இயலும், வகுக்கவும் வேண்டும். மனிதனின் துன்பம் அவ்வெல்லைகளை மதித்து வருவதில்லை. தாகத்தோடு நீர் பருகிய அந்த வங்கத்துச் சிறுமி, ஒரு மிடற்றைப் பொறியியலாகவும் ஒரு மிடற்றை மருத்துவமாகவும் ஒரு மிடற்றைப் புவியியலாகவும் பருகவில்லை. அவளுக்கு அது நீர், அவ்வளவே. அவளுடைய துன்பம் முழுமையாக வந்தது. அதனைத் தீர்க்க வேண்டிய அறிவோ துண்டுதுண்டாகக் கிடந்தது. அத்துண்டுகளைச் சேர்க்கும் முயற்சிக்கே நாம் பல்துறைப் புலமை என்று பெயரிடுகிறோம். அது அறிஞனின் மகுடத்தில் பதிக்கும் மணியன்று. துன்புறுவோனுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

பின்னர் அந்நாட்டில் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்தனர். நஞ்சுள்ள குழாய்க்குச் சிவப்பும் நல்ல குழாய்க்குப் பச்சையும் பூசினர். சோதனையோடு வேதியியல் முடிந்தது. அதற்குப் பின் மனிதரைப் பற்றிய அறிவு தேவைப்பட்டது. தன் வீட்டுக் குழாயில் சிவப்பைக் கண்ட பெண், அயல் வீட்டாரின் முற்றத்துக்குக் குடத்தோடு எத்தனை முறை செல்வாள்? எவர் வீட்டுக்குச் செல்லலாம், எவர் வீட்டுக்குச் செல்லலாகாது? இவ்வழக்கங்களை அறியாமல் வெறும் வண்ணம் மட்டும் ஓர் உயிரையும் காவாது.

ஸலாம் கூறி நுழைதல்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிற துறையில் நுழைபவரெல்லாம் நன்மையே செய்கின்றனர் என்று நாம் கூறவரவில்லை. லைனஸ் பாலிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1954ஆம் ஆண்டில் வேதியியலுக்கும், 1962ஆம் ஆண்டுக்குரிய அமைதிக்கும் என இருமுறை நோபல் பரிசு பெற்றவர். அவர் தம் பிற்காலத்தில் மருத்துவத்துக்குள் நுழைந்து, வைட்டமின் ‘சி’யைப் பேரளவில் உட்கொண்டால் சளிக்காய்ச்சல் தடுக்கப்படும் என்றும், புற்றுநோயாளருக்கும் அது பயன்தரும் என்றும் பறைசாற்றினார். மருத்துவர்கள் முறைப்படி நடத்திய சோதனைகள் அவர் கூற்றை உறுதி செய்யவில்லை. அவரோ தம் கருத்தை விடவில்லை. அவருடைய புகழை நம்பிய மக்களோ மிகப் பலர்.

அல்பிரூனியும் பிற துறைகளில் நுழைந்தார், பாலிங்கும் நுழைந்தார். வேறுபாடு எங்கே? பிறர் இல்லத்துள் நுழையுமுன் வாயிலில் நின்று ஸலாம் கூறி, அனுமதி பெற்று, அவ்வீட்டின் ஒழுங்குக்கு உட்பட்டு அமர்தல் நாம் சிறுவயதிலேயே கற்ற மரியாதை. பிற துறைக்கும் அதே மரியாதை வேண்டும். அல்பிரூனி அவ்வீட்டாரின் மொழியை முதலில் கற்றார். அதன் பின்னரே பேசினார். பாலிங் தம் வீட்டில் பெற்ற பெருமையைப் பிறர் வீட்டில் அதிகாரமாகக் கொண்டார். நுனிப்புல் மேய்வதற்கும் பல்துறைப் புலமைக்கும் உள்ள தொலைவு இதுவே. ஒரு துறையில் ஆழ உழுதவனுக்கு, அறிதல் எத்துணைக் கடினம் என்பது தெரியும். அத்தெரிவே பிறர் வயலில் அவனைப் பணிவோடு நடக்கச் செய்ய வேண்டும். ஆகவே முதலில் ஒரு மரத்தை வெட்டத்தான் வேண்டும். பழமொழி அந்த அளவில் வென்றது.

‘கைப்பேசியில் எல்லாத் துறைச் செய்தியும் உள்ளது, கேட்ட மாத்திரத்தில் கணிப்பொறி விடை தருகிறது, இனிப் பல துறை எதற்கு?’ என்று இளைஞர் கேட்கின்றனர். விடை எளிதாகக் கிடைக்கும் காலத்தில்தான் கேள்வியின் அருமை கூடுகிறது. கேட்ட கேள்விக்கே பொறி விடை தரும். கேட்கத் தவறிய கேள்வியன்றோ வங்கத்தில் மக்களை வாட்டியது? வண்டலைப் பற்றி ஒருபோதும் எண்ணாதவருக்கு நீரில் நஞ்சு உண்டா என்று கேட்கத் தோன்றாது. வந்த விடை மெய்யா பொய்யா என்று நிறுத்துப் பார்ப்பதற்கும் தராசு நம்மிடமே இருக்க வேண்டும்.

சமுதாயத்தின் கடமை

ஒவ்வொருவரும் எல்லாம் கற்க இயலாது என்றால், இக்கடமையை யார் சுமப்பது? நம் மார்க்க அறிஞர்கள் இதற்கு ஒரு வழியை வகுத்துள்ளனர். ஒவ்வொருவர்மீதும் தனித்தனியே கடமையானது ஒன்று. சமுதாயத்தில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்மீது நீங்கிவிடுவதும், எவரும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகளாவதும் மற்றொன்று. அதுவே ‘பர்ளு கிபாயா’. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் மருத்துவத்தையும் கணக்கையும் உழவையும் நெசவையும்கூட இவ்வகையில் சேர்த்தார்கள். தம் காலத்தில் மாணவரெல்லாம் பதவியும் செல்வாக்கும் கருதிச் சட்டக் கல்வியிலேயே திரள்வதையும், முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாத ஊர்கள் இருப்பதையும் எண்ணி வருந்தினார்கள். துறையின் பெயர் மாறியிருக்கலாம்; ஒரே வாயிலில் கூட்டம் நெரிய மற்ற வாயில்கள் வெறிச்சோடிக் கிடக்கும் நிலை மாறவில்லை.

அக்கடமை நிறைவேறிய இடங்களும் உண்டு. மூளையின் இயக்கம் முற்றும் நின்று, பொறியின் உதவியால் மட்டும் மூச்சு ஓடும் மனிதர் உயிருள்ளவரா, இறந்தவரா? இக்கேள்வியை மருத்துவர் தனித்துத் தீர்க்க முடியாது. ஆலிம்களும் தனித்துத் தீர்க்க முடியாது. 1986ஆம் ஆண்டில் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, மருத்துவர் தந்த விளக்கங்களைக் கேட்டறிந்த பின்னரே தன் தீர்மானத்தை வகுத்தது. மருத்துவர் மார்க்கச் சட்டத்தின் கேள்வியைப் புரிந்துகொள்ளவும், ஆலிம் மருத்துவத்தின் விடையைப் புரிந்துகொள்ளவும் இயன்றிராவிடில் அவ்வமர்வால் பயன் விளைந்திருக்குமா?

நம் தமிழுலகிலும் சான்றுகள் உள. கண்டியில் 1838ஆம் ஆண்டில் பிறந்த சித்தி லெப்பை அவர்கள் தொழிலால் வழக்கறிஞர். தம் சமுதாயம் கல்வியில் பின்தங்கியிருப்பதைக் கண்டு, 1882ஆம் ஆண்டில் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். பள்ளிகளை நிறுவ உழைத்தார். பெண் கல்விக்கு வாதாடினார். 1885ஆம் ஆண்டில் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் புதினத்தையும் எழுதினார். பல்துறை வல்லவர் என்னும் புகழை நாடி அவர் இவற்றைச் செய்யவில்லை. சமுதாயத்தின் நோய் வழக்குமன்றத்துக்குள் அடங்கவில்லை. ஆகவே அவரும் அதற்குள் அடங்கவில்லை.

இராமேசுவரத்து மைந்தர் டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் அடிக்கடி எடுத்துரைத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஐதராபாத்தில் அவருடைய ஏவுகணை ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஓர் எலும்பு மருத்துவர், ஏவுகணைக்கென உருவாக்கிய பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். அதன் இலேசான எடை அவரை வியப்பில் ஆழ்த்தியது. உடனே கலாம் அவர்களைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட இரும்புத் தாங்கிகளைக் கால்களில் கட்டி இழுத்து நடக்கும் சிறுவர் சிறுமியரைக் காட்டினார். மூன்றே வாரங்களில் 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் உருவாயின. குழந்தைகள் அவற்றை அணிந்து நடந்தனர். பெற்றோர் கண்ணீர் வடித்தனர். கலாம் அவர்களின் பெருமையை நாம் அனைவரும் அறிவோம். அம்மருத்துவரையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏவுகணைக் கூடத்தில் ‘இது என் துறையன்று’ என்று அவர் கைகட்டி நின்றிருந்தால், அக்குழந்தைகள் இரும்பையே இழுத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவர் ஏவுகணையியலைக் கற்றவரல்லர்; தம் நோயாளிகளை மறவாதவர்.

நம் இல்லங்களில்

இதனால் நம் பிள்ளைகளுக்கு நாம் கூற வேண்டுவது என்ன? ஒரு துறையை விட்டுப் பலவற்றில் அலையுங்கள் என்பதன்று. தேர்ந்த துறையில் உறுதியாக வேரூன்றட்டும். வேர் ஊன்றிய மரத்துக்கே கிளை பரப்பும் உரிமை உண்டு. ஆனால் கிளைகளை நாமே வெட்டிவிட வேண்டா. பொறியியல் பயில்பவன் தன் ஊரின் வரலாற்றைப் படிக்கட்டும். மருத்துவம் பயில்பவள் கவிதை நூலைக் கையிலெடுத்தால், நோயாளியின் சொல்லாத துயரைக் கேட்கும் செவியை அவள் பெறுகிறாள் என்று மகிழ்வோம். ஒரு காலத்தில் மத்ரஸாக்களின் பாடத்திட்டத்தில் தர்க்கமும் கணிதமும் வானநூலும் இடம்பெற்றிருந்தன என்பதை நினைவுகூர்ந்து, ஓதும் மகனுக்கும் அவ்வாயில்களைத் திறந்துவைப்போம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் மத்ரஸாப் பிள்ளையும் ஒரே வீட்டில் வளர்ந்தும் ஒருவர் பாடத்தை மற்றவர் கேட்டறியாத நிலை நம் குடும்பங்களில் உண்டு. ஒரே சஹனில் உணவருந்துபவர்கள் ஒருவர் அறிவை மற்றவர் சுவைத்தறியலாகாதா?

இதற்குப் பொருட்செலவு இல்லை. ‘உன் பாடத்தில் இன்று என்ன படித்தாய்?’ என்று கேட்கும் தந்தை, ‘அதனால் யாருக்கு என்ன பயன்? யாருக்கேனும் தீங்கு உண்டா?’ என்று இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் போதும். முதற்கேள்வி அப்பிள்ளையைத் தன் துறைக்குள் நிறுத்துகிறது. இரண்டாவது கேள்வி அவனைக் கைபிடித்து வெளியே அழைத்து வருகிறது. ‘அதனால் மதிப்பெண் உண்டா?’ என்பதையே இன்று நாம் இரண்டாவது கேள்வியாக வைத்திருக்கிறோம்.

அறிவு இறைவனின் அமானிதம் என்று நம்புகிறவர்கள் நாம். அமானிதமாகப் பெற்ற பொருளை எத்தனை பேழைகளில் வைத்துக் காக்கிறோம் என்பது நம் வசதியைப் பொறுத்தது. உரியவர் வந்து கேட்கும்போது, ‘அது வேறொரு பேழையில் இருக்கிறது, அதன் சாவி என்னிடம் இல்லை’ என்று கூறி வெறுங்கையோடு அவரை அனுப்பிவிட முடியாது. சாவி யாரிடம் உள்ளது என்பதையேனும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவரை அழைத்துக்கொண்டு அவ்வாயில்வரை நடக்கும் மனமும் நமக்கு வேண்டும்.